பணம் வந்தது, ஒப்பந்தம் மாறவில்லை: யுஎஃப்சி வீரர்கள் தொடுத்த வழக்கு, 2014–2025

எம்எம்ஏ (பல சண்டைக் கலைகளைக் கலந்து ஆடும் போட்டி) வீரர்களின் சம்பளத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரு சில நட்சத்திரங்களின் பேட்டிகளோடு நின்றுவிடும். கார்டின் (ஒரு நாள் நிகழ்ச்சியின் ஃபைட் பட்டியல்) அடியில் ஆடும் வீரர் என்ன வாங்குகிறார், எந்தத் தாளில் கையெழுத்துப் போடுகிறார், அதைவிட்டு வெளியே வர முடியுமா என்பவை வெளியே தெரிவதில்லை. அவை ஓரளவு விரிவாக வெளியே வந்தது ஒரு நீதிமன்ற வழக்கின் மூலம்தான். அந்த வழக்கை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை இங்கே பதிவு செய்கிறேன். வீரர்கள், நீதிபதி, வல்லுநர்கள் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. அவர்கள் நின்ற இடத்தில் நாளை வேறு யாரும் நிற்கலாம் என்பதால் அந்த இடத்தைப் புரிந்துகொண்டால் போதும்.

பின்னணி

எம்எம்ஏ போட்டிகளை நடத்தும் அமெரிக்க நிறுவனமான யுஎஃப்சி 1993ல் தொடங்கியது. நொடித்துப்போகும் நிலையில் இருந்த அதை 2001ல் ஜுஃபா என்ற நிறுவனம் 20 லட்சம் டாலருக்கு வாங்கியது. 2005ல் ஒரு ரியாலிட்டி டிவி நிகழ்ச்சி மூலம் விளையாட்டு பிரபலமானது. அதற்குப் பிறகு போட்டி நிறுவனங்கள் ஒவ்வொன்றாக யுஎஃப்சி கைக்குப் போயின. 2006ல் டபிள்யூஇசி, 2007ல் ஜப்பானின் பிரைடு, 2011ல் ஸ்ட்ரைக்ஃபோர்ஸ். ஸ்ட்ரைக்ஃபோர்ஸை வாங்கியதை அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் விசாரித்தது. நடவடிக்கை எதுவும் எடுக்காமல் 2012 ஜனவரியில் விசாரணையை முடித்துக்கொண்டது. 2016ல் சுமார் 400 கோடி டாலருக்கு யுஎஃப்சி கைமாறியது.

ரசிகருக்கு இதில் லாபம் இருந்தது. நல்ல வீரர்கள் எல்லாரையும் ஒரே இடத்தில் பார்க்க முடிந்தது. வீரருக்கோ, அவருடைய உழைப்பை விலை கொடுத்து வாங்கக்கூடியவர்கள் குறைந்துபோனார்கள். அதுவரை ஒருவரிடம் விலை படியவில்லை என்றால் இன்னொருவரிடம் போகலாம். அந்தக் கதவுகள்தான் மூடின.

சம்பளம் இரண்டு பகுதி: சண்டை நடக்கும் கூண்டுக்குள் வந்ததற்கு ஒரு தொகை, ஜெயித்தால் இன்னொரு தொகை. அடிமட்ட ஒப்பந்தத்தில் இது 10,000 டாலர், ஜெயித்தால் மேலும் 10,000 என்ற கணக்கில் வந்தது. தோற்றால் பாதிதான். அதிலிருந்து மேனேஜருக்கும் ஜிம்முக்கும் ஆளுக்குப் பத்து விழுக்காடு அல்லது அதற்கும் மேல், அப்புறம் ஃபைட்டுக்கு முந்தைய பயிற்சி கேம்ப் செலவு, வரி. வருடத்துக்கு இரண்டு அல்லது மூன்று ஃபைட் கிடைத்தாலே பெரிய விஷயம். நடுவில் கை உடைந்தால் அந்த வருடமே போச்சு. பயிற்சியில் படும் காயத்துக்கு 2011 முதல் யுஎஃப்சி காப்பீடு கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். அது உண்மையான முன்னேற்றம். ஆனால் வீரர்கள் சட்டப்படி ஊழியர்கள் அல்லர், சுயேச்சை ஒப்பந்ததாரர்கள். ஊழியருக்குச் சட்டம் தரும் தொழிற்சங்க உரிமை அவர்களுக்குக் கிடையாது.

ஒப்பந்தத்தில் இருந்தவை

வழக்கின் உயிர்நாடி இந்தப் பகுதிதான். தனித்தனியாகப் படித்தால் எந்த ஷரத்தும் அவ்வளவு மோசமாகத் தெரியாது. ஒன்றோடொன்று சேரும்போதுதான் விவகாரம் புரியும்.

முதலில், வேறு எங்கும் ஆடக்கூடாது என்ற ஷரத்து. ஒப்பந்தம் ஓடும் வரை இன்னொரு புரமோஷனில் (போட்டி நடத்தும் நிறுவனத்தில்) ஃபைட் எடுக்க முடியாது. இது மட்டும் இருந்தால் தாங்கிக்கொள்ளலாம். பல விளையாட்டுகளில் இருப்பதுதான். அடுத்து வருவது காலத்தை நிறுத்தி வைக்கும் ஷரத்து. வீரர் காயம்பட்டாலோ, கொடுத்த எதிராளியை வேண்டாம் என்றாலோ, ஓய்வு பெறுகிறேன் என்றாலோ ஒப்பந்தத்தின் காலம் நீண்டுகொண்டே போகும். ஓய்வு பெற்றவருக்கு அது முடியவே முடியாது; திரும்பி வந்தாலும் அதே கட்டு காத்திருக்கும்.

மூன்றாவது, சாம்பியன் ஷரத்து. ஒப்பந்தம் முடியும் நேரத்தில் வீரரின் இடுப்பில் பெல்ட் இருந்தால் ஒப்பந்தம் தானாக நீளும். ஒரு வீரரின் சந்தை மதிப்பு உச்சத்தில் இருக்கும் நேரம் எதுவோ, சரியாக அந்த நேரத்தில் அவர் சந்தைக்குப் போக முடியாது. எனக்கு இந்த வழக்கில் மிகவும் அநியாயமாகப் படுவது இந்த ஒன்றுதான்.

எல்லாவற்றையும் தாண்டி ஒருவர் ஒப்பந்தத்தை முடித்துவிட்டால்கூட, வெளியே கிடைக்கும் அதே தொகையைத் தானும் கொடுத்து வீரரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் உரிமை பழைய புரமோஷனுக்கு ஒரு குறிப்பிட்ட காலம் வரை இருந்தது. அப்படி இருக்கும்போது வேறு நிறுவனம் எதற்காக நேரம் செலவழித்து விலை பேச வரும்?

ஒப்பந்தத்தில் எழுதாத ஒரு வழக்கமும் இருந்தது. கடைசி ஃபைட் வருவதற்கு முன்பே புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிடுவது. போடாதவருக்கு ஃபைட் கிடைக்கத் தாமதமாகலாம், ஆபத்து அதிகமான, பலன் குறைவான எதிராளி வரலாம் என்ற பயம் வீரர்களிடம் இருந்தது. கடைசி ஃபைட்டில் தோற்றுவிட்டு வெளியே போனால் மதிப்பு இறங்கிவிடும் என்பதால் பெரும்பாலோர் கையெழுத்துப் போட்டார்கள். ஆக, காகிதத்தில் நான்கு ஃபைட், ஆறு ஃபைட் என்று இருந்த ஒப்பந்தத்துக்கு நடைமுறையில் முடிவே இல்லை.

வீரரின் முகத்துக்கும் பெயருக்கும் உள்ள உரிமை தனிக் கதை. வழக்கைத் தொடுத்தவர்களில் ஒருவர் 2008ல், வீடியோ கேமில் தன் உருவத்தைப் பயன்படுத்தும் உரிமையை ஆயுள் முழுக்க எழுதிக்கொடுக்க மறுத்தார். சில மாதங்களுக்கு முன்புதான் டைட்டிலுக்கு ஆடியிருந்தார். அவரை வெளியேற்றினார்கள். அடுத்த நாளே உடன்பட்டுத் திரும்பி வந்தார். உலகத் தரவரிசையில் முன்னணியில் இருந்த ஒருவரால் ஒரு நாளுக்கு மேல் எதிர்த்து நிற்க முடியவில்லை என்றால், முதல் ஒப்பந்தத்தில் இருக்கும் இளைஞர் எப்படி நிற்பார்?

2014 டிசம்பர்: வழக்குத் தொடரும் முடிவு

மூன்று வீரர்கள் கலிபோர்னியாவின் சான் ஹோசே மத்திய நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். இன்னும் சிலர் பின்னர் சேர்ந்துகொண்டார்கள். 2015ல் வழக்கு லாஸ் வேகாஸுக்கு மாற்றப்பட்டது.

எந்தச் சட்டத்தைக் கையில் எடுப்பது என்பதே முக்கியமான தீர்மானம். "எனக்குச் சம்பளம் குறைவு" என்பது சட்டப்படி ஒரு குற்றச்சாட்டு அல்ல. ஒப்பந்தத்தை மீறினார்கள் என்றும் சொல்ல முடியாது. ஒப்பந்தத்தில் இருந்ததைத்தான் செய்தார்கள். தொழிற்சங்க வழியும் அடைபட்டிருந்தது. குத்துச்சண்டை வீரர்களுக்கு அமெரிக்காவில் 2000ல் வந்த முகமது அலி சட்டம் இருக்கிறது. ஒரு ஃபைட் கொடுப்பதற்கு நிபந்தனையாகத் திணிக்கும் நீண்ட ஒப்பந்தங்களுக்கு அது வரம்பு வைக்கிறது. ஒரு ஃபைட்டில் வரும் வருமானத்தைப் புரமோட்டர் வீரரிடம் சொல்ல வேண்டும் என்கிறது. ஆனால் அது எம்எம்ஏவுக்குப் பொருந்தாது. அதை எம்எம்ஏவுக்கும் விரிவுபடுத்த 2016ல் காங்கிரஸில் ஒரு மசோதா வந்தது, நிறைவேறவில்லை.

மிச்சமிருந்தது ஏகபோகத்தைத் தடுக்கும் ஷெர்மன் சட்டம், 1890. பொதுவாக இந்தச் சட்டத்தில், விற்பவர் ஏகபோகமாக இருந்து விலையை ஏற்றினார் என்று வழக்கு வரும். இங்கே நேர்மாறு: உழைப்பை வாங்குபவர் ஒருவராகவே இருந்து விலையை அமுக்கினார் என்பது வாதம். போட்டி நிறுவனங்களை வாங்கியது, கட்டிப்போடும் ஒப்பந்தங்கள், நெருக்கடி கொடுத்துக் கையெழுத்து வாங்கியது ஆகிய மூன்றும் சேர்ந்து அந்த நிலையை உண்டாக்கின என்றார்கள். இந்தச் சட்டத்தில் ஜெயித்தால் நஷ்ட ஈடு மூன்று மடங்காகும். நீண்ட, செலவு மிகுந்த வழக்கை எடுத்து நடத்த வழக்கறிஞர்கள் முன்வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

முன்வந்த வீரர்கள் பெரும்பாலும் தொழிலின் கடைசிக் கட்டத்தில் இருந்தவர்கள் அல்லது ஓய்வு பெற்றவர்கள். ஒருவர் 2005ல் உலக டைட்டிலுக்கு ஆடியபோது 10,000 டாலர்தான் கிடைத்தது என்று வெளிப்படையாகச் சொன்னவர். நடப்பு வீரர்கள் ஏன் முன்வரவில்லை என்று கேட்டவர்கள் உண்டு. அடுத்த ஃபைட்டைக் கொடுப்பவர் மேல் வழக்குப் போட எத்தனை பேரால் முடியும்?

அதே டிசம்பரில் விளையாட்டு உடை நிறுவனமான ரீபாக்கோடு யுஎஃப்சி போட்ட ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. 2015 ஜூலை முதல் ஃபைட் வாரத்தில் எல்லாரும் ஒரே சீருடை. அதுவரை வீரர்கள் தங்கள் ஷார்ட்ஸிலும் பேனரிலும் விளம்பரம் போட்டுத் தனியாகச் சம்பாதித்தார்கள். அது நின்றது. மாற்றாக வந்த தொகை, ஐந்து ஃபைட் வரை ஆடியவருக்கு 2,500 டாலர், சாம்பியனுக்கு 40,000. பலர் இழந்தது இதைவிட அதிகம் என்று அப்போதே சொன்னார்கள். கையில் இருந்த மாற்று வருமானமும் போனதால், பர்ஸ் (ஃபைட்டுக்குக் கிடைக்கும் சம்பளம்) மட்டுமே கதி என்றானது.

பங்கா, தொகையா

வழக்கைத் தள்ளுபடி செய்யச் சொன்ன மனுவை 2015ல் நீதிபதி நிராகரித்தார். அடுத்து ஆண்டுக்கணக்கில் ஆவணங்களும் சாட்சியங்களும். 2019ல் இரு தரப்புப் பொருளாதார வல்லுநர்களும் நீதிமன்றத்தில் நேரில் சாட்சி சொன்னார்கள்.

வீரர்கள் தரப்பு வல்லுநரின் கணக்குப்படி, யுஎஃப்சி நிகழ்ச்சி வருமானத்தில் வீரர்களுக்குப் போனது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அமெரிக்காவின் பெரிய அணி விளையாட்டுகளில் இது பாதியை ஒட்டி இருக்கிறது. சந்தையில் போட்டி இருந்திருந்தால் வீரர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்திருக்கக்கூடியது 81.1 கோடி முதல் 160 கோடி டாலர் வரை என்று மதிப்பிட்டார்.

நிறுவனத்தின் பதில் எளிதில் தள்ளிவிடக்கூடியது அல்ல. பங்கைப் பார்க்காதீர்கள், தொகையைப் பாருங்கள் என்றார்கள். இந்த ஆண்டுகளில் சராசரி வீரருக்குக் கிடைத்த டாலர் கூடிக்கொண்டேதான் வந்தது. விளம்பரம், தயாரிப்பு, புதிய நாடுகள் என்று முதலீடு செய்தது நாங்கள். அதிகப் பங்கு கொடுத்த சிறு புரமோஷன்கள் நஷ்டத்தில் ஓடின. இதில் நியாயம் இருக்கிறது. நஷ்டத்தில் ஓடும் நிறுவனம் வருமானத்தில் பெரும்பகுதியைச் சம்பளமாகக் கொடுக்கிறது என்பதால் மட்டும் அது சரியான அளவுகோல் ஆகிவிடாது.

ஆனாலும் என் பார்வையில் அந்த வாதம் முக்கியமான இடத்தைத் தொடவே இல்லை. தொகை கூடியது என்றால், எதோடு ஒப்பிட்டுக் கூடியது? வருமானம் பல மடங்கு பெருகும் தொழிலில், பேரம் பேசும் சக்தி உள்ள உழைப்பாளியின் பங்கு மெல்ல உயரும். இங்கே பங்கு அசையாமல் கிடந்தது. விலை பேச வேறு ஆள் இல்லாத இடத்தில் மட்டும்தான் அப்படிக் கிடக்கும். முன்னணி வீரர்களில் எத்தனை பேர் ஒப்பந்தம் முடித்துவிட்டு, மதிப்பு குறையாமல் வெளியே போனார்கள் என்று எண்ணிப் பார்த்தாலே போதும், விடை கிடைத்துவிடும்.

காத்திருப்பு, பிறகு 2023 ஆகஸ்ட்

2020 டிசம்பரில் நீதிபதி, இதைக் குழு வழக்காக, அதாவது ஒரே நிலையில் இருந்த எல்லா வீரர்களுக்குமான ஒரே வழக்காக, ஏற்கப்போவதாக வாய்மொழியாகச் சொன்னார். எழுத்தில் உத்தரவு வந்தது 2023 ஆகஸ்டில். இடையில் இரண்டரை ஆண்டுக்கும் மேல். ஒரு ஃபைட்டரின் நல்ல காலமே சில ஆண்டுகள்தான் என்னும்போது இது சின்ன விஷயம் இல்லை.

உத்தரவின்படி, 2010 டிசம்பர் 16 முதல் 2017 ஜூன் 30 வரை அமெரிக்காவில் நடந்த அல்லது ஒளிபரப்பான ஃபைட்களில் ஆடிய ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே குழுவானார்கள். முகம், பெயர் உரிமை தொடர்பான குழுவை மட்டும் நீதிபதி ஏற்கவில்லை. சம்பள வழக்கு தனித்தனியாக யாராலும் நடத்த முடியாதது. குழுவாக ஏற்றதுதான் எல்லாவற்றையும் மாற்றியது. மூன்று மடங்கு கணக்கில் நஷ்ட ஈடு 240 கோடியிலிருந்து 480 கோடி டாலர் வரை போகக்கூடும் என்ற நிலை வந்ததும் பேச்சுவார்த்தை சூடு பிடித்தது. மேல்முறையீட்டு முயற்சியும் 2023லேயே தோற்றது. ஜூரி விசாரணை 2024 ஏப்ரலுக்குக் குறிக்கப்பட்டது.

முதல் சமரசமும் மறுப்பும்

விசாரணைக்குச் சில வாரங்களே இருந்தபோது, 2024 மார்ச்சில் 33.5 கோடி டாலருக்குச் சமரசம் அறிவித்தார்கள். அது இரண்டு வழக்குகளுக்கும் சேர்த்து. 2017 ஜூலை முதல் ஆடியவர்களுக்காக 2021ல் தனியாக ஒரு வழக்கு போடப்பட்டிருந்தது. தொகையில் முக்கால் பங்கு முதல் குழுவுக்கு, கால் பங்கு இரண்டாவது குழுவுக்கு.

இங்கேதான் அரிதான ஒன்று நடந்தது. இரு தரப்பும் ஒத்துக்கொண்டு கொண்டுவந்த சமரசத்தை 2024 ஜூலையில் நீதிபதி மறுத்துவிட்டார். தொகை போதுமா என்ற சந்தேகம் அவருக்கு இருந்தது. இரண்டு குழுக்களின் நிலையும் ஒன்றல்ல என்பதும் இன்னொரு கவலை. பிந்தைய ஒப்பந்தங்கள் பலவற்றில், நீதிமன்றத்துக்குப் போகாமல் நடுவர் மூலமே தீர்த்துக்கொள்ள வேண்டும், குழு வழக்கில் சேரக்கூடாது என்ற புதிய ஷரத்துகள் நுழைந்திருந்தன.

அந்த நேரத்தில் இது துணிச்சலா, ஆபத்தா என்று சொல்வது கடினம். பத்து ஆண்டுகள் காத்திருந்தவர்களுக்கு இன்னொரு தாமதம். ஜூரி முன் தோற்றால் ஒன்றுமே இல்லை. ஜெயித்தாலும் மேல்முறையீட்டில் இன்னும் பல ஆண்டுகள்.

2024 செப்டம்பரில் இரண்டாவது சமரசம் வந்தது. முதல் குழுவுக்கு மட்டும் 37.5 கோடி டாலர். பழைய ஏற்பாட்டில் இதே குழுவுக்கு வந்திருக்கக்கூடியது சுமார் 25 கோடி. இரண்டே மாத இடைவெளியில் 12 கோடி டாலருக்கு மேல் கூடியது. முதல் சமரசத்தில் மேசை மேல் எவ்வளவு விட்டுவைத்திருந்தார்கள் என்பதை இந்த ஒரு கழித்தல் காட்டுகிறது.

இந்த முறை ஓய்வு பெற்ற வீரர்கள் பலர் நீதிமன்றத்துக்கு வாக்குமூலம் எழுதினார்கள். கடன், நிரந்தரக் காயங்கள், தலையில் வாங்கிய அடிகளின் பின்விளைவு, இந்தப் பணம் இப்போதே வேண்டும் என்ற கெஞ்சல். அவற்றைப் படிக்கும்போது, இன்னும் அதிகம் கேட்டிருக்கலாமே என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அக்டோபரில் முதற்கட்ட ஒப்புதல், 2025 பிப்ரவரியில் இறுதி ஒப்புதல்.

கிடைத்ததும் கிடைக்காததும்

வழக்கறிஞர் கட்டணமும் செலவும் போக வீரர்களுக்குச் சுமார் 25 கோடி டாலர். வாங்கிய சம்பளத்தையும் ஆடிய ஃபைட்களின் எண்ணிக்கையையும் வைத்துப் பங்கு பிரித்தார்கள். வழக்கறிஞர்கள் கொடுத்த மதிப்பீட்டின்படி 35 பேருக்குத் தலா 10 லட்சம் டாலருக்கு மேல், 500க்கும் அதிகமானவர்களுக்கு ஒரு லட்சத்துக்கு மேல். பலருக்கு அது பெரிய தொகை. இதைக் குறைத்துப் பேசக்கூடாது.

ஒப்பந்தங்களின் விதிமுறைகளை மாற்றும்படி இந்தச் சமரசம் எதையும் கட்டாயப்படுத்தவில்லை. நஷ்ட ஈடு மட்டும்தான். குழுவில் பெரும்பாலோர் ஓய்வு பெற்றவர்கள் என்பதால் எதிர்கால ஒப்பந்தம் அவர்கள் கையில் இல்லை. ஆனால் பணத்தைக் குறைத்தது எதுவோ அது அப்படியே இருக்கிறது.

ஒரு மாற்றம் மட்டும் வழக்கு நடக்கும்போதே, சத்தமில்லாமல் வந்தது. ஒப்பந்தத்துக்கு மொத்தம் ஐந்து ஆண்டு என்ற வரம்பு. அதன் பலனை 2023 ஜனவரியில் உலகமே பார்த்தது. ஹெவிவெயிட் சாம்பியன் ஒருவர், பெல்ட் கையில் இருக்கும்போதே, காலவரம்பு முடிந்து சுதந்திரமாக வெளியேறினார். காப்பீடு, சொந்த ஸ்பான்சர், வீரர்கள் சார்பாகப் பேச ஒருவர் ஆகியவற்றைக் கேட்டும் கிடைக்கவில்லை என்றார். அதே ஆண்டிலேயே வேறொரு புரமோஷனில் ஒப்பந்தம் போட்டு, அக்டோபரில் குத்துச்சண்டையின் ஹெவிவெயிட் சாம்பியனோடு ஆடி, பழைய பர்ஸைவிடப் பல மடங்கு சம்பாதித்தார். அவருடைய திறமை ஓராண்டில் பல மடங்கு கூடிவிடவில்லை. விலை சொல்ல இரண்டாவது ஆள் கிடைத்தார், அவ்வளவுதான்.

மாற வேண்டியவை

ஒப்பந்தக் காலத்தை ஃபைட் எண்ணிக்கையில் வைக்காமல் நாள்காட்டியில் வைக்க வேண்டும்; காயம், மறுப்பு, ஓய்வு எதுவும் அதை நீட்டக்கூடாது. ஐந்து ஆண்டு வரம்பு நல்ல தொடக்கம். ஆனால் ஒரு ஃபைட்டருக்கு ஐந்து ஆண்டு என்பது பெரும்பாலும் முழுத் தொழில். அலி சட்டம் குத்துச்சண்டையில் திணிப்பு ஒப்பந்தங்களுக்கு வைத்த வரம்பு பன்னிரண்டு மாதம். சாம்பியன் ஷரத்து முழுதாகப் போக வேண்டும். பழைய ஒப்பந்தத்தின் கடைசி ஃபைட் முடியும் வரை புதியதில் கையெழுத்து வாங்கக்கூடாது என்ற விதி இருந்தால் மற்ற பல ஷரத்துகள் தாமே பல்லிழந்துவிடும்.

வருமான விவரம் இன்னொன்று. சில மாநில விளையாட்டு ஆணையங்கள் பர்ஸ் தொகையை வெளியிடுகின்றன, சில வெளியிடுவதில்லை. நிகழ்ச்சியின் மொத்த வருமானத்தையோ யாரும் வீரரிடம் சொல்வதில்லை. மொத்தம் தெரியாதவர் எந்தப் பங்கைக் கேட்பார்? 2025 ஆகஸ்டில் அறிவித்த ஒளிபரப்பு ஒப்பந்தம் ஏழு ஆண்டுக்கு 770 கோடி டாலர். அந்த எண் ஊருக்கே தெரியும் என்பதால், இப்போது மேனேஜர்களுக்குப் பேச ஒரு பிடி கிடைத்திருக்கிறது.

வழக்கின் வழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஏகபோகச் சட்டம் நடந்து முடிந்ததற்கு ஈடு வாங்கித்தந்தது, பத்து ஆண்டு கழித்து. நடப்பு ஒப்பந்தத்தை மாற்றும் கோரிக்கை இரண்டாவது வழக்கில் இருந்தது, 2025 வரை அது முடியவில்லை. நடுவர் ஷரத்திலும் குழு வழக்குத் தடையிலும் கையெழுத்திட்ட வீரர்களுக்காக 2025ல் இன்னொரு வழக்கும் தொடங்கியிருக்கிறது. முதல் வழக்கு பிழைத்ததற்குக் காரணம் அந்த வீரர்களின் ஒப்பந்தங்களில் இந்த இரண்டு ஷரத்தும் இல்லாதது. இன்று ஒரு இளைஞர் முதல் ஒப்பந்தத்தைக் கையில் வாங்கும்போது, பர்ஸ் தொகை எழுதிய பக்கத்தைப் பார்க்கும் முன் அந்த இரண்டு ஷரத்துகளும் எங்கே இருக்கின்றன என்று மேனேஜரிடம் கேட்க வேண்டும். மேனேஜரும் அதே புரமோஷனோடு அடுத்த வீரருக்காக நாளைக்குப் பேச வேண்டியவர் என்பதால், தனியாக ஒரு வழக்கறிஞரிடமும் காட்ட வேண்டும்.